கும்பத்தில் முளைத்த விதைப்பயறு

கோணேசர் துணை

உப்புவெளி,
சித்திரபானு வருடம், ஐப்பசி 6 (1942)

மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரியில் உணவு உற்பத்திப் பகுதிக் கிளாக்கராய் இருக்கும் அன்புள்ள மருமகன் யோகலிங்கத்துக்கு மாமன் காசிநாதர் எழுதிக்கொள்வது. நானும் மாமி இரத்தினேஸ்வரியும் சுகம். நீங்களும் மகள் குணமணியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய நம் பசு திரும்பி வந்துவிட்டது. கன்றோடு வந்திருக்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன். அது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் விஷயம்.

தபாற்கந்தோரில் இளைப்பாறி வீட்டில் கதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னை நீங்கள்தான் சிபாரிசு செய்து இந்தப் பகுதிக்குப் பயறு விருத்தி ஏற்பாட்டாளர் ஆக்கினீர்கள். பர்மா அரிசி நின்று, கூப்பன் அரிசி காகத்துக்கு வைக்கவும் காணாத காலத்தில், நான் வீடு வீடாகப் போய், “காலமை பயறு அவிச்சுச் சாப்பிடுங்கோ, சோத்தை மத்தியானத்துக்கு வையுங்கோ” என்று தொண்டை வற்றக் கத்தினேன். சனம் கேட்டது, அளவுக்கு மிஞ்சியே கேட்டது. காலையில் கொள்ளு அவித்துத் தின்ற பத்துப் பேர் அபாயச் சங்கு ஊதியதும் ஒரே பதுங்குகுழிக்குள் நெருங்கியிருந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. “இதுக்குக் குண்டே பறவாயில்லை” என்று பக்கத்து வீட்டுத் தம்பு வெளியே ஏறிவிட்டார். ஒரு மாதத்துக்குள் கடைகளில் பயறும் இல்லை, உளுந்தும் இல்லை, கொள்ளும் இல்லை.

அந்த நேரத்தில்தான் உங்கள் பகுதி வெள்ளைக்காரத் துரை இரண்டு மூட்டை விதைப்பயறு அனுப்பினார். பத்து நாளுக்குள் முளை காட்டினால் மழைக்கு முன் இன்னும் ஐந்து மூட்டை வரும், காட்டாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும் என்பது நிபந்தனை. அந்த ஐந்து மூட்டை வராமல் போனால் தை மாதம் இந்தக் கரையில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது, அதுதான் என் பயம். அமாவாசையன்று அம்மன் கோயில் முற்றத்தில் சனத்தைக் கூட்டி விதையைப் பகிர்ந்தேன். “ஒரு மணியும் வாய்க்குள்ள போகக்கூடாது. எல்லாம் மண்ணுக்குள்ளதான் போக வேணும், விளங்கிச்சோ?” என்றேன். “ஓம், ஓம்” என்றார்கள். மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது என்பது என் மண்டையில் ஏறவில்லை. உங்களுக்குத் தெரியாததா? தெருவுக்குத் தெரு கும்பம் வைப்பார்கள், அதைச் சுற்றி மண் பரப்பி நவதானியம் போடுவார்கள். கடையில் தானியம் இல்லை, வீட்டில் விதை இருக்கிறது. சொன்ன சொல் தவறாமல் மண்ணுக்குள்தான் போட்டார்கள்! முதலில் போட்டது உங்கள் மாமி. கேட்டால், “தின்ன வேண்டாமெண்டுதானே சொன்னனீங்கள், அம்பாளுக்குப் போட வேண்டாமெண்டு சொன்னனீங்களோ?” என்கிறா.

எட்டாம் நாள் துரை வந்து இறங்கினார். தோட்டங்களில் புல்கூட இல்லை. இங்கிலீசு தெரிந்த ஊர்த் தலைவர் வீரக்குட்டி விதானையார் சற்றும் யோசிக்காமல் அவரைக் கும்பம் வைத்த கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். நாலு பக்கமும் தென்னோலைக் கிடுகு கட்டிய இருட்டுக்குள் முளை ஒன்றரைச் சாண் வளர்ந்து மஞ்சளாய் நின்றது. வெயில் படாத முளை அப்படித்தான் இழுபட்டு வளரும். ஒரு நாள் வெயிலில் வைத்தால் படுத்துவிடும். துரைக்கு அது தெரியுமா? அடிமட்டம் வைத்து அளந்தார், கொப்பியில் எழுதினார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வாயைத் திறந்தேன். மாமி இருமினா. மூடிவிட்டேன்.

விஜயதசமிக்குத் துரை படம் பிடிக்கிற பெட்டியோடு திரும்பவும் வந்தார். வழக்கமாய் இரவில் எடுக்கும் கும்பத்தை யுத்த இருட்டடிப்புச் சட்டத்தால் இம்முறை பகலிலேயே எடுத்தார்கள். மேளதாளத்தோடு முழு விளைச்சலும் அவர் கண்முன்னாலேயே நடந்துபோய்க் கடலுக்குள் இறங்கியது. துரை திகைத்துப்போனார். விதானையார், முதல் விளைச்சலைக் கடலுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம் என்று ஒரு போடு போட்டார். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாய் நின்றார். வேடிக்கை பார்க்க வந்திருந்த தோப்பூர் அபூதாஹிர் என் காதுக்குள், “காசிநாதர், உங்கட பயறு கடலுக்குள்ள எப்ப காய்க்கும்? எங்கட ஆக்களுக்கும் ஒரு வலை தாங்கோவன்” என்றார்.

தம்பி, முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோரில் இருந்தும் ஒருவருடைய கடிதத்தையும் பிரித்துப் பார்க்காதவன் நான். இந்தப் பொய் எனக்குச் செமிக்கவில்லை. ஆகையால் இக்கடிதத்தை அப்படியே இங்கிலீசில் பெயர்த்துத் துரையின் மேசையில் வையுங்கள். பதவியைப் பறிக்கட்டும், கதிரை காத்திருக்கிறது. சனம் ஒரு மணி விதையும் தின்னவில்லை என்பதை மட்டும் அழுத்திச் சொல்லி அந்த ஐந்து மூட்டையைக் கேளுங்கள். மற்றப்படி ஒரு குறையும் இல்லை, மனம் நிறைவாகவே இருக்கிறது. மகளுக்கும் உங்களுக்கும் அம்பாள் கிருபையும் வயிறு நிறையச் சாப்பாடும் கிடைப்பதாக.

இப்படிக்கு,
அன்பு மாமன்,
க. காசிநாதர்

பிற்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரம் வாசற் படலையில் லொறி வந்து நின்றது. ஐந்து அல்ல, பன்னிரண்டு மூட்டை! கூடவே துரையின் கடிதம். என்னுடைய ‘பத்துநாள் முறை’யை மாவட்டம் முழுவதும் படிப்பிக்க வேண்டுமாம், தம்பலகாமத்தில் தொடங்கி ஊர் ஊராய் இருட்டுக் கொட்டில் போட வேண்டுமாம். பெண்கள் மண்வெட்டியோடு வந்து மூட்டையை அவிழ்க்கிறார்கள், வானம் கறுத்து நிற்கிறது. மேலே எழுதியது ஒன்றையும் துரைக்குக் காட்ட வேண்டாம், கடிதத்தை அடுப்பில் போடுங்கள். தை மாதம் பயறு ஆய்ந்த பிறகு நானே வந்து அவரிடம் சொல்கிறேன். உண்மை அதுவரைக்கும் கெட்டுப்போகாது, விதை கெட்டுப்போகும்.