கொடியேறுமுன் ஒரு கறி

அன்று காலை பின்வளவில் நின்றவர்கள்: துசாந்தன், அவன் மனைவி மேனுகா, மேனுகாவின் தங்கை கிருசிகா, மாமனார் வேலப்போடி, கறுப்புப் பசு ஒன்று. பசு யாருடையது என்று தெரியவில்லை. துசாந்தனின் கடைசி வெண்டிக் கன்று அதன் வாயில் இருந்தது.

"பாத்தீங்களா மருமகன், நான் அப்பவே சொன்னன்," என்றார் வேலப்போடி. அவர் மட்டும் கதிரையில் இருந்தார்.

துசாந்தன் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மகள் ஒவ்வொருத்திக்கும் கலியாணத்துக்கு ஒரு வீடு. ஆண் உடுப்புப் பையோடு வந்து சேருவான். உழைக்கும்வரை மரியாதை இருக்கும். துசாந்தன் வாவிக்கு அக்கரையில் ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தான். ஒரு விடியற்காலை வீடு திரும்பும்போது தோணியில் நின்றபடியே தூங்கி வாவிக்குள் விழுந்தான். கரையேறியதும் வேலையை விட்டுவிட்டான். இனி வீட்டுக்கு மரக்கறி வாங்கத் தேவையில்லை, தானே தோட்டம் செய்வேன், அதற்குச் செலவும் இல்லை என்று அறிவித்தான்.

வேலப்போடி ஒரு கெடு வைத்தார். மண்டூர்க் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறினால் வீட்டில் மீன் சமைப்பதில்லை. அன்றைக்குத் துசாந்தனின் தோட்டத்திலிருந்து ஒரு கறி சட்டியில் வேகவேண்டும். வேகாவிட்டால் அவன் திரும்பவும் இரவு வேலைக்குப் போகவேண்டும். முதலாளி அவனுடைய இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்.

விதைக்குக் காசு போகவில்லை. செத்தல் மிளகாயை உடைத்து உதறினான். அழுகிய தக்காளியைச் சாம்பலில் பிரட்டிக் காயவைத்தான். முற்றிப்போன கத்தரிக்காயையும் வெண்டியையும் சந்தையில் சும்மா வாங்கிவந்தான். ஐஸ் போட்டு ஓட்டை விழுந்த ரெஜிபோம் பெட்டியில் நாற்றுப் போட்டான். நடுவதற்குக் குசினிக்குப் பக்கத்தில் இடம் பார்த்து வைத்திருந்தபோதுதான் வேலப்போடி வாயைத் திறந்தார்.

"பின்னால மட்டும் போயிராதீங்க. பத்தையும் கட்டையுமாக் கிடக்கு. உங்களால ஏலாது."

துசாந்தனுக்கு எதையும் தாங்க முடியும், இந்தக் கடைசிச் சொல்லைத் தவிர. பத்தைக் காட்டை வெட்டினான், எரித்தான். ஒரு வேம்பின் அடிக்கட்டையைக் கிளப்பி எடுப்பதற்குள் இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்தன. கன்றுகளை அங்கே நட்டான். அதுவரை மாடுகளை மறித்து நின்றது அந்தப் பத்தைதான் என்பது பசு வந்த பிறகுதான் விளங்கியது.

வேலி போடவேண்டும் என்றான். அது வீண் வேலை, இவ்வளவு நீளத்துக்கு வேலி போட நாலு ஆள் வேண்டும், விட்டுவிடுங்கள் என்றார் மாமா. துசாந்தன் ஊரெல்லாம் அலைந்து கிளுவைத் தடி கேட்டு வாங்கி, தனி ஆளாக வளவைச் சுற்றி அடைத்தான். பசு வரவில்லை. திரும்பவும் நாற்று நட்டான். இப்போது மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்தது. மிளகாய்க் கன்றுகள் கருகின.

"பள்ளக் காணி. மண் போட்டு உயத்தினாத்தான் சரி," என்றார் வேலப்போடி. "அதெல்லாம் லொறிக்காரன்ட வேலை. நீங்க அதுக்குள்ள கை வெக்காதீங்க."

குளம் திருத்தும் இடத்தில் மண் சும்மா கொடுத்தார்கள். கூட்டாளியின் தள்ளுவண்டியை வாங்கி விடியவிடிய இழுத்தான். முழங்காலுக்கு வளவு உயர்ந்தது. கருகாமல் நின்ற கன்றுகளில் பாதி அந்த மண்ணுக்கு அடியில் போனது.

மேனுகா தேத்தண்ணி கொண்டுவந்தவள் கோப்பையைக் கொடுக்காமல் நின்றாள். "நீங்க தோட்டம் செய்யிறீங்களா, ரோட்டுப் போடுறீங்களா?"

"மண் சரியெண்டா எல்லாம் சரி."

"கொழுந்து ஒண்டக் கூடக் காணல்ல. முதுகுதான் வளஞ்சிரிக்கி."

கிருசிகா அதற்கும் சிரித்தாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவள், படிப்பு முடியும்போதாவது அத்தானின் தக்காளி பழுக்குமா என்று லீவில் வரும்போதெல்லாம் கேட்டாள்.

பிறகு வெயில் ஏறியது. முன்பக்கத்துக் கிணற்றிலிருந்து வாளி சுமந்தால் பாதி வழியிலேயே சிந்திப் போனது. பின்வளவிலேயே கிணறு தோண்டலாமா என்று துசாந்தன் வாய்விட்டு யோசித்தான். அவனுக்கு விசரா என்று மாமா கேட்டார். தன் தகப்பனே முயன்று கைவிட்ட இடம் என்றார். அடுத்த நாளே துசாந்தன் இடுப்பளவு குழிக்குள் நின்றான். ஒரு பாழ்கிணற்றின் பழைய சீமெந்து வளையக் கொட்டுகளை உருட்டிவந்து ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினான். தண்ணீர் இளநீர் மாதிரி வந்தது. வேலப்போடி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோற்றுவிட்டார் என்று துசாந்தன் நினைத்தான். தோண்டிய சேறு சரிந்து தக்காளிப் பாத்தியை மூடியிருந்தது.

ஆகக் கடைசியில் மிஞ்சியது மூலையில் நின்ற கொஞ்சக் கத்தரிக் கன்றுகள். வெற்றுத் தரைக்கு நடுவில் அவை யாரோ மறந்துவிட்டுப் போனவை மாதிரி நின்றன. துசாந்தன் அவற்றுக்குப் பிள்ளைக்குப் போல நிழல் கட்டினான், புழுவைக் கையால் பொறுக்கினான். காய்த்தன.

கொடியேறிய நாள் மேனுகா அந்தக் கத்தரிக்காயைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தாள். வேலப்போடி சோற்றைப் பிசைந்து, உண்டு, விரலையும் சூப்பினார்.

"கறி நல்லா இரிக்கி. இனி ஐஸுக்குப் போகத் தேவல்ல, மருமகன்."

துசாந்தன் கை கழுவும் சாட்டில் பின்வளவுக்குப் போனான். கண் கலங்கியதை மற்றவர்கள் பார்க்கவேண்டாம் என்று நினைத்தான். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அன்றுதான் அவன் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தான். வேலப்போடியும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பின்வாசலில் போட்டார்.

அந்த நேரம் மேசன் பாறூக் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் நூல் உருண்டை, கக்கத்தில் முளைக்கட்டைகள். யாரையும் கேட்காமல் கத்தரிக்குப் பக்கத்தில் ஒரு கட்டையை அடித்தார்.

"பாறூக் நானா, என்ன செய்யிறீங்க?"

"அத்திவாரத்துக்கு நூல் கட்டுறன் தம்பி. சின்ன மகளுக்கு மாப்பிள பாத்தாச்சாமே. வீடு எழும்ப வேணாமா?"

"இது என்ட தோட்டம்."

பாறூக் நிமிர்ந்து துப்புரவான தரையை, வேலியை, ஏற்றிய மண்ணை, கிணற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு மெய்யாகவே சந்தோசமாக இருந்தது.

"போடியார் சித்திரையிலயே சொல்லிற்றார் தம்பி, கூலிக்கு ஆள் தேவல்ல, வேணாம் வேணாம் எண்டு சொன்னாப் போதும், மூத்த மருமகன் எல்லாத்தையும் செஞ்சி முடிச்சிருவார் எண்டு."

துசாந்தன் திரும்பினான். கதிரை வெறுமையாக இருந்தது. வீட்டுக் கதவு மாமாவுக்குப் பின்னால் சாத்தப்பட்டது, உள்ளேயிருந்து பூட்டில் திறப்புத் திரும்பியது.