சோபியா கையில் கத்தி கொடுத்த விவரம்

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை ஸ்டீவ் அவர்களுக்கு, ஆரணியிலிருந்து அமலாவின் அண்ணன் டேவிட்ராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் ஜெபராணியும் உங்கள் மகள் சோபியாவும் சுகம். செய்யாரில் உங்கள் இருவருக்கும் ஷிஃப்ட் மாறினாலும் சுகம் மாறாதிருக்க வேண்டுகிறோம்.

“ஏழாங்கிளாஸ் பொண்ணு கையில கத்தியக் குடுத்து ஆட்டு இதயத்த அறுக்கச் சொல்றாங்களாமே! நீங்க நேர்ல போய்ப் பாருங்க. நெசம்னா டி.சி. வாங்கிடுங்க, சேத்துப்பட்டு ஹாஸ்டல்ல போட்டுடலாம்” என்று போனில் கத்தினீர்கள். பதிலைப் போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

கேட்டது நிஜம்தான். இதயம் வாங்கிவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கறிக்கடை பாயிடம் “முழுசா வேணும்” என்று மூன்று தடவை சொன்னேன், அவரும் மூன்று தடவை தலையாட்டினார், ஆட்டிக்கொண்டே எட்டுத் துண்டாக வெட்டிப்போட்டார். கேட்டால், “இன்னா சார் பண்றது, கை பழகிப் போச்சி” என்கிறார். இன்னொன்று வாங்கி வீட்டில் வைத்துவிட்டு தறியைப் பார்த்துவிட்டு வருவதற்குள், ஜெபராணி அதைக் கழுவி, உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் தடவி மூடிவைத்திருந்தாள். சோபியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “அத்த, நான் பாடத்துக்குக் கேட்டா நீங்க கொழம்புக்கு ரெடி பண்ணிகினு கீறீங்களே!” என்றாள். வேறு வழியில்லாமல் அதையே அலசிப் பள்ளிக்குக் கொண்டுபோனோம். அறிவியல் எடுக்கும் இவாஞ்சலின் டீச்சர் சிரித்துவிட்டு, “பரவால்ல, மஞ்சள் பூசினாலும் அறை நாலுதான்” என்றார்.

மாப்பிள்ளை, உங்கள் மகளைப் பார்த்திருக்க வேண்டும்! மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் கையுறை மாட்டி, டீச்சர் காட்டிய இடத்தில் ஒரே சீராகக் கீறித் திறந்தாள். உள்ளே கதவுபோல மெல்லிய தோல், அதை இழுத்துப் பிடிக்க வெள்ளை வெள்ளையாய் இழைகள். தறியில் பாவு நூல் ஓர் இழை அறுந்தால் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு அரைமணி நேரம் தேடுவேன், இவள் ஒன்று விடாமல் எண்ணிக் காட்டினாள். “எடதுபக்கம் ஏன் தடியா இருக்கு?” என்று டீச்சர் கேட்டதற்கு, “அதுதானே டீச்சர் ஒடம்பு முழுக்க ரத்தத்தத் தள்ளணும்” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசிவரை மேசையை விட்டு நகராமல், கண் கொட்டாமல் பார்த்த சாட்சியாகச் சொல்கிறேன், இந்தப் பள்ளியை விட்டு அவளை எடுக்காதீர்கள். அந்த டீச்சர் கிடைத்தது நம் பிள்ளையின் பாக்கியம்.

கம்பெனி பஸ்ஸிலும் மெஷின் பக்கத்திலும் ஆண்டவர் உங்கள் இருவரையும் காத்துக்கொள்வாராக. தங்கை அமலாவுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
டேவிட்ராஜ்

பி.கு.: சோபியா இதைப் படித்துவிட்டாள். “மாமா, இதுல ஒரு பொய் இருந்தாலும் அப்பா மீதியயும் நம்பமாட்டாரு” என்கிறாள். எனவே உண்மை: முதல் கீறலிலேயே நான் கீழே விழுந்துவிட்டேன். கதவு, இழை, தடிச் சுவர் எல்லாம் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது. கண் விழித்தபோது பெஞ்சில் கிடந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு என் மணிக்கட்டில் நாடி பிடித்தபடி, “அறுபத்தெட்டு டீச்சர், பயப்பட ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது அது ஒன்றுதான். இனியும் டி.சி. வாங்கத்தான் வேண்டுமென்றால் நீங்களே வந்து அவளிடம் சொல்லுங்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.