ரங்கூன் டிரைவரின் ஒற்றை ஜோடி

அன்று காலை திருமயம் பஸ் ஷெட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். ரங்கூன் டிரைவர், பின்னால் கரி அடுப்புக்குக் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்த கிளீனர், தபால் பையோடு காத்திருந்த ஆவூர்ப் பக்கத்துத் தபால்காரர், கந்தர்வக்கோட்டை முந்திரி வியாபாரி, டிக்கெட் எழுதும் நான், பெஞ்சில் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நிறைமாதமாக உட்கார்ந்திருந்த என் மனைவி. யாரையாவது விட்டுவிட்டேனோ என்று மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆறுதான்.

ரங்கூன் டிரைவரைப்போல் உலகத்தையே சீட்டுக்கட்டாகப் பார்த்த மனிதர் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அவருக்கு முன்னாலும் பிறக்கவில்லை, பின்னாலும் பிறக்கப்போவதில்லை. அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரங்கூனில் ஒரு துரைக்கு மோட்டார் ஓட்டியவர். துரை போக்கர் சீட்டு ஆடும்போது நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தே கற்றுக்கொண்டாராம். சண்டை வந்ததும் பாதி தூரம் நடந்தே ஊருக்கு வந்தார். கொண்டுவந்தது இடுப்பு வேட்டியும் ஒரு சீட்டுக்கட்டும்தான். வழியில் ஒரு ராஜா தொலைந்துபோனது. அதற்குப் பதில் டிக்கெட் புத்தக அட்டையை வெட்டி, மசியால் 'ராஜா' என்று எழுதிச் சேர்த்திருந்தார். முதுகைப் பார்த்தாலே தெரியும், தடி ராஜா யார் கையில் இருக்கிறார் என்று.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்புறம் பானை மாதிரி ஒரு கரி அடுப்பு. அது பற்றிப் புகை சேர்ந்து எஞ்சின் கிளம்ப முக்கால் மணி நேரமாகும். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் எங்களுக்குப் போக்கர் படிப்பு. ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கலாம். ஒருவர் நடுவில் காசு ஏற்றினால் மற்றவர் ஈடு வைத்து அவர் சீட்டைப் பார்க்கலாம், இல்லையென்றால் தம் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட வேண்டும். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒற்றை ஜோடி. அதற்கு மேல் இரண்டு ஜோடி, அதற்கும் மேல் மூன்று ஒன்றாக வருவது. இன்னும் மேலே ஏதேதோ உண்டு. அதையெல்லாம் நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை.

அவருக்கும் அதெல்லாம் வேண்டாம். ஒற்றை ஜோடிதான் அவருடைய சாஸ்திரம். "ஜோடி வந்தா ஒடனே சீட்டைப் பாக்காதே தம்பி, ஆளை எண்ணு. அஞ்சு பேர் ஆடுனா ஒன் எட்டு ஜோடி வெறும் வெத்தலை. ரெண்டே பேர்னா அது நஞ்சை நெலம்" என்பார். ராஜா ஜோடியை மட்டும் முதல் சுற்றில் கவிழ்க்கவே கூடாதாம். அப்படிக் கவிழ்க்கிறவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்பது அவர் தீர்ப்பு.

எல்லாவற்றுக்கும் இந்த அளவுகோல்தான். கிளப்புக்கடை ரசத்தைக் குடித்துவிட்டு, "ரெண்டு ஜோடி" என்று சர்டிபிகேட் கொடுப்பார். மேட்டில் வண்டி திணறினால் பிரயாணிகளைத் திரும்பிப் பார்த்து, "இன்னிக்கு வண்டி ஒத்த ஜோடிதாங்க, ஆள் கொறஞ்சாத்தான் ஜெயிக்கும், எறங்குங்க" என்பார். பஸ் முதலாளி ஒரு நாள் தம்முடைய புது மாப்பிள்ளையை அழைத்துவந்து காட்டினார். டிரைவர் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, "மூணு சீட்டு மாத்தணும்" என்றார். முதலாளிக்குப் போக்கர் தெரியாததால் அந்த மாதச் சம்பளம் பிழைத்தது.

சீடர்களாகிய எங்கள் லட்சணம் வேறு. தபால்காரருக்கு நல்ல சீட்டு வந்தால் கை தானாகவே நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுவிடும். உடனே எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிடுவோம். நானோ ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். மழை மேகமே இல்லாத சித்திரை மாதத்திலும் குடையில்லாமல் வாசல் தாண்டாதவன். ஒரு தடவை ராஜாவுக்கும் மேலான ஆஸ் ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு, எதிராளி இருமியதற்குப் பயந்து விலகியிருக்கிறேன்.

இனி அன்றைய சங்கதி. என் மனைவிக்கு விடிகாலையிலிருந்தே இடுப்பில் வலி. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ஒரு பஸ்தான். பின்பக்கம் முழுக்கப் புகையும் அனலும்; டிரைவர் பக்கத்தில் இருக்கும் முன் இருக்கை ஒன்றில்தான் அவளை உட்கார வைக்க முடியும். அந்த இருக்கைக்கு முதலாளி கையெழுத்துப் போட்ட கடுதாசியோடு வெள்ளை ஜிப்பாவில் வந்து நின்றார் முந்திரி வியாபாரி. கேட்டுப் பார்த்தோம். "மொதலாளிகிட்ட சொல்லி வாங்கினதுய்யா" என்று தலையாட்டிவிட்டார். மீறினால் டிரைவருக்கு வேலை போய்விடும்.

ஆனால் சீட்டுக்கட்டைப் பார்த்ததும் வியாபாரியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. டிரைவர் அதைக் கவனித்துவிட்டார். "ஒரே ஆட்டம். நீங்க அந்தக் கடுதாசிய நடுவுல வைங்க. நாங்க ஆளுக்கு ஓரணா வைக்கிறோம்" என்றார். தடி ராஜாவின் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வியாபாரி சம்மதித்தார். ஓரணாவுக்கு எங்கள் சமஸ்தானத்துச் சில்லறையான அம்மன் காசு இருபது. என் மடியில் இருந்தது மூன்று. டிரைவர் பதினேழு எண்ணிக் கொடுத்தார்.

எனக்கு வந்தவை இரண்டு எட்டு, தடி ராஜா, உதவாத இரண்டு. தபால்காரரின் கை நெற்றிப் பக்கமே போகவில்லை, கவிழ்த்தார். டிரைவர் தம் சீட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு பெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தார். "நமக்கு ஒண்ணுமில்லப்பா" என்று கவிழ்த்தார். மீதி வியாபாரியும் நானும்.

ஜோடியை வைத்துக்கொண்டு மூன்றை மாற்ற வேண்டும் என்பது பாடம். பயத்தில் எனக்குப் பாடம் மறந்துபோனது. ராஜாவைத் தூக்கிப்போடவும் மனசு வரவில்லை. இரண்டு சீட்டு மட்டும் மாற்றினேன். வந்ததும் உதவாத இரண்டுதான். வியாபாரி ஒன்றே ஒன்று மாற்றினார். மீசையைத் தடவியபடி ஒரு வெள்ளி ரூபாயை நடுவில் வைத்தார்.

வழக்கப்படி நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். அப்போது பெஞ்சிலிருந்து, "என்னங்க" என்று ஒரு முனகல் கேட்டது. என் கை தானாகப் போய்க் குடையை எடுத்து ரூபாயின் மேல் வைத்தது. தபால்காரர் வாயைப் பிளந்தார். ரூபாய்க்கு ஈடாக வைத்ததாகத்தான் என் நினைப்பு.

டிரைவர் குடையைத் தூக்கி, விரித்து, கம்பிகளை எண்ணிவிட்டுச் சொன்னார்: "இந்தக் கொடை ரெண்டரை ரூவா. ஆக, தம்பி ஒண்ணரை ரூவா ஏத்திருக்காரு. நீங்க என்ன சொல்றீங்க?"

வியாபாரி என்னைப் பார்த்தார். நான் குடையைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் என் கையிலிருந்த தடிச் சீட்டைப் பார்த்தார். மாற்றியது இரண்டு, அப்படியானால் வைத்துக்கொண்டது மூன்று என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டார். குடையைப் பார்த்தார். "மூணு ராஜாவை வச்சுக்கிட்டா இப்பிடி நடிக்கிறே" என்று சொல்லிக் கவிழ்த்தார்.

நான் பதறிப்போய், இல்லீங்க எட்டுதான் என்று விரித்துக் காட்டப் போனேன். டிரைவரின் உள்ளங்கை என் சீட்டின் மேல் விழுந்தது. "காட்டாதே. அவரு காசு கொடுத்துப் பாக்கல."

என் மனைவி முன்னால் உட்கார்ந்து போனாள். வியாபாரி பின்னால் போனார். புதுக்கோட்டையில் இறங்கும்போது அவருடைய ஜிப்பாவும் முகமும் கரிச்சட்டி நிறத்தில் இருந்தன. தாம் ஜாக்கியும் பத்துமாக இரண்டு ஜோடி வைத்திருந்ததாக வழியெல்லாம் கிளீனரிடம் புலம்பினாராம். அன்று சாயங்காலம் எனக்குப் பெண் பிறந்தது.

ஷெட்டில் ஒரு காரியம் செய்திருந்தேன், சொல்ல விட்டுப்போயிற்று. வண்டி கிளம்புமுன் சீட்டுக்கட்டை எண்ணி எடுத்து வைப்பது என் பொறுப்பு. ஒன்றும் குறைந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எண்ணுவேன். டிரைவர் கவிழ்த்த ஐந்து சீட்டு அவர் இடத்திலேயே கிடந்தது. அதில் இரண்டு ராஜா.

திரும்பி வந்ததும் கேட்டேன். "எந்த ராஜா? வண்டிக்குக் கரி அள்ளுப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயித்த காசிலிருந்து அவருடைய பதினேழை நீட்டினேன். "கெடக்கட்டும். கடன் இருந்தாத்தான் நீ பயந்துக்கிட்டாவது நாளைக்கு ஆட வருவே" என்றார். அதற்குப் பிறகு நான் நீட்டிய ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான்.

சண்டை ஓய்ந்ததும் அவர் ரங்கூனுக்கே திரும்பிப் போனார். பிறகு கடிதம் ஒன்றும் இல்லை. சமஸ்தானம் போய், அம்மன் காசும் செல்லாமல் போனது. அதில் மட்டும் கொஞ்சம் எடுத்துச் சுருக்குப் பையில் போட்டு, அந்தக் குடைக்குள்ளேயே தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்று குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்றைக்கும் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. டிரைவர் அண்ணனுக்குத் தர வேண்டிய பாக்கி, பதினேழு அம்மன் காசு.