மாங்கேணி ஏ.ரி.வி. நீடித்துழைப்புக் குழு

வாகனப் பொறியியலின் வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: மாங்கேணிக்கு முன், மாங்கேணிக்குப் பின். பதினொரு கூட்டத்தில் எங்கள் குழு சாதித்ததைக் கேள்விப்பட்டால், ஜப்பான்காரர் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டு இங்கே கருவாடு போட வந்துவிடுவார்கள். கூட்டக் குறிப்பு எழுதிய செயலாளர் நான். ஆகவே சாட்சி சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

ஏ.ரி.வி. என்பது நாலு பருத்த சில்லு பூட்டிய மணல் வண்டி. எண்ணூறு சீசீ. தட்டினால் புலி மாதிரி உறுமும். கோயிலைச் சுற்றி இருக்கிற எங்கள் முப்பத்தெட்டு வீட்டுக்கும் தார் றோட்டுக்கும் நடுவில் ஒன்றரைக் கிலோமீற்றர் மணல். அம்புலன்ஸ் றோட்டோடு நின்றுவிடும். நோயாளியைக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். அந்தப் "பிற்போக்கு முறை"யை ஒழிக்கவென்று ஒரு வெளிநாட்டு உதவிச் சங்கம் வண்டியைத் தந்தது.

வந்த அன்று எங்கள் ஊர்ப் பெடியன் சுஜீவன் ஓட்டினான். நண்டு ஓடுகிற மாதிரி மணலுக்கு மேலால் ஓடியது. இரண்டாம் நாள், தோணி தள்ளுகிற உருளைக் கட்டையில் ஏறி விழுந்ததில், முன்சில்லைத் திருப்புகிற கம்பி வளைந்துவிட்டது.

"புதுக்கம்பி ஒண்டு போட்டாச் சரி. அரைநாள் வேலை," என்றான் சுஜீவன்.

இப்படிக் குறுகிய நோக்கம் உள்ளவர்களைக் குழுவில் சேர்ப்பதில்லை என்று முதலாவது கூட்டத்திலேயே தீர்மானமாயிற்று.

தலைவர் ஜெயராஜா, வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இருபது ஏக்கரும் இரண்டு உழவு மிசினும் உள்ளவர். தொழில்நுட்ப ஆலோசகர், டவுனிலிருந்து வேர்னன். பறங்கியர் பட்டறை, மூன்று தலைமுறை இரும்பு. அவர் செய்த வாசல் கேற் ஒன்று, வெள்ளம் மதிலைக் கொண்டுபோன பிறகும் தன்னந்தனியாக நின்றது. மூன்றாமவர் றொனால்ட், கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி.

வேர்னன் வளைந்த கம்பியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"இதென்ன, கோழி எலும்பா? நான் அலவாங்கில செஞ்சு தாறன்."

கிணறு வெட்டக் குத்துகிற அதே மொத்த இரும்புக் கம்பி, அலவாங்கு. பூட்டியாயிற்று.

"இனி இது வளையாது, தலைவர். ஆனா அடி எங்கயாவது போகத்தானே வேணும்? கம்பி வாங்காட்டி, அதப் பிடிச்சிரிக்கிற கை வாங்கும்."

"அப்ப கையையும் மொத்தமாக்குங்க."

"கை வாங்காட்டி அடிச்சட்டம் வாங்கும்."

"அதையும் மொத்தமாக்குங்க! நாங்க என்ன, செய்யாமலா விடப்போறம்?"

பலவீனத்தை விரட்டிக்கொண்டு வேர்னன் நாலு கூட்டம் போனார். கால் அங்குலத் தகட்டை அடிவயிற்றில் ஒட்டியதோடு, பலவீனம் வண்டிக்குள் இருக்க இடமில்லாமல் வெளியேறியது. எங்கே போய்க் குடியேறியது என்று குறிப்பில் இல்லை.

மறுகா, அடுத்த கூட்டத்தில், றொனால்ட் எழும்பினார். "உப்புக்காத்து இரும்பத் தின்னும். படகுக்கு அடிக்கிற மாதிரி மூணு பூச்சு பைபர் அடிப்பம்." அடித்தார். இயந்திரத்துக்கு முன்னால் இருந்த கம்பி வலையையும் சேர்த்து மூடிவிட்டார்.

"இதுக்குள்ளால மண் போகாதா, சம்மாட்டி?" என்று கேட்டார் தலைவர்.

"இனிப் போகா."

"காத்து?"

"காத்தும் போகா!"

கைதட்டினோம்.

கடைசியாகத் தலைவர் தன் வயல் அனுபவத்தை வழங்கினார்.

"என்ட மிசினுக்கு டயருக்குள்ள தண்ணி நிரப்பித்தான் வட்டைக்குள்ள இறக்கிற. இல்லாட்டி பிடிப்பு இல்லாம மிதந்து திரியும். இந்த வண்டியும் மணலில மிதக்கிது. நான் கண்டனான்."

"மிதக்கத்தானே மாமா, அதுக்கு அந்த டயர்?"

வாசலில் ஜூலி. சுஜீவனின் பெண்சாதி. எட்டு மாத வயிறு. ஒரு கூட்டமும் தவறவிடாமல் வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"மகள், ஓடுறது வேற, நீடிக்கிறது வேற," என்றார் தலைவர், மிகுந்த பொறுமையோடு. நாலு டயருக்குள்ளும் தண்ணீர் நிரப்பத் தீர்மானமாயிற்று.

"எனக்கு நாள் மாசக் கடைசி. அதுக்குள்ள இது ஓடுமா எண்டு மட்டும் சொல்லுங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். "றோஸ்மேரி மாமி, நீங்களாவது வாயத் திறங்களன்."

"நான் செயலாளர், புள்ள. எனக்கு எழுத மட்டுந்தான் அதிகாரம்."

எழுதினேன்: 'பொதுமக்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்.'

மாசக் கடைசி ஞாயிறு, பூசை முடிய, சுவாமியார் வண்டியை ஆசீர்வதிக்கிற மந்திரிப்பு. ரிபன், மாலை, பற்றிஸ். பிரசங்கத்தின் நடுவிலேயே ஜூலிக்கு நோக்காடு தொடங்கிவிட்டது. தலைவரின் முகம் மலர்ந்தது.

"முதல் பயணி கிடைச்சாச்சு! கர்த்தருக்குத் தோத்திரம்!"

அம்புலன்ஸுக்குப் போன் அடித்துச் சொல்லி, ஜூலியை ஏற்றி இருத்தி, ரிபனை வெட்டினோம். சுஜீவன் முறுக்கினான். புலி உறுமியது. நாலு சில்லும் ஒரே நேரத்தில் சுற்றின. வாழ்த்த வந்தவர்களின் வாயெல்லாம் மணல். கண்ணைத் துடைத்துப் பார்த்தால், வண்டி ஒரு முழமும் முன்னுக்குப் போகாமல், நின்ற இடத்திலேயே வயிறு முட்ட இறங்கியிருக்கிறது.

வேர்னன் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தார்.

"அலவாங்கு அப்படியே இரிக்கி! கை அப்படியே இரிக்கி! தலைவர், ஒண்டும் உடையல்ல!"

"உடைஞ்சிட்டு, ஐயா," என்றாள் ஜூலி. "பன்னீர்க்குடம்."

அதன் பிறகு எந்தத் தீர்மானமும் நிறைவேறவில்லை. கரைவலைக்காரப் பெடியன்கள் பாட்டுக்குழுவின் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். ஒரு கால் வெடித்துக் கம்பியால் கட்டினது. கைப்பிடிகளுக்குக் கீழே இரண்டு துடுப்பைச் செருகி, ஜூலியை இருத்தி, ஆள் மாறி ஆள் மாறித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். றோட்டில் அம்புலன்ஸ் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய் இருபது நிமிசத்தில் பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

"தண்ணியத் திறந்து விட்டு, இந்தத் தகடுகளக் கழட்டினா இப்பவும் ஓடும்," என்று சுஜீவன் பிறகு வந்து சொன்னான். நீடித்துழைப்பைக் குறைக்கும் எந்த முயற்சிக்கும் குழு உடன்படாது என்று பதில் அனுப்பினோம்.

இன்றைக்குப் பதினான்கு மாதம். வண்டியில் ஒரு கீறல் இல்லை. அதன் மேல் றொனால்ட் வலை காயப்போடுகிறார். அதைப் பிடித்துப் பிடித்துத்தான் ஜூலியின் மகள் நடக்கப் பழகினாள். உதவிச் சங்கத்துக்கு நான் எழுதிய அறிக்கையில் 'பழுதுகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டேன். ஒரு பொய் இல்லை.

போன கிழமை பன்னிரண்டாவது கூட்டம். வேர்னன் புதிய பிரேரணை ஒன்று கொண்டுவந்தார்.

"அண்டைக்குத் தூக்கிக்கொண்டு போன கதிரை. ஒரு கால் கம்பியில நிக்கிது, தலைவர். ஆபத்து. நாலு காலையும் அலவாங்கில..."

"மேல ஒரு பூச்சு பைபர்," என்றார் றொனால்ட்.

ஜூலி மறுபடியும் மாசமாக இருக்கிறாள். எழும்பிப் போய், அந்தக் கதிரையை எடுத்து வந்து, கூட்டத்தின் நடுவில் போட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டு அதில் இருந்தாள்.

"ஒருத்தரும் கிட்ட வரப்படா. மாங்கேணியில ஓடுற வாகனம் இது ஒண்டுதான்."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமி, இதையாவது எழுதுங்க."