நாலு பேருக்குச் சொந்தமான கடவுச்சொல்

மூன்று தீபாவளிகளாக இந்தக் கதையின் ஒரு பகுதியை நான் நம்பாமல் இருந்து வருகிறேன். மீதியை நானே கண்ணால் பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால், நான் கண்ணால் பார்த்த பகுதிதான் கேட்பவர்களுக்குப் பொய்யாகப் படுகிறது. எங்கள் எழுத்தர் ஜரீனா சொன்ன பகுதியை எல்லாரும் உடனே நம்பிவிடுகிறார்கள். எனக்கு மட்டும்தான் சந்தேகம். அதற்குக் காரணம் உண்டு. சொல்லக் கூச்சமாக இருப்பதால் வரிசைப்படி வருகிறேன்.

எங்கள் சங்கம் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. சுற்றியுள்ள நான்கு சந்துகளின் சிறுகடைக்காரர்களுக்கானது. துணிக்கடை இராமசாமி தலைவர். பயணப்பெட்டிக் கடை அஹமது கபீர் செயலாளர். கவரிங் நகைக் கடை பாக்கியலட்சுமி பொருளாளர். மளிகைக் கடை ஷங்கர் துணைத் தலைவர். படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் நான் செயற்குழு உறுப்பினர், அதாவது கை தூக்குபவன். சம்பளத்துக்கு இருந்தது ஒருவர்தான், எழுத்தர் ஜரீனா. சங்கம் செய்ததாக ஆண்டறிக்கையில் வரும் வேலைகளையெல்லாம் அவர் செய்துவந்தார்.

பக்கத்துத் தெருச் சங்கம் மடிக்கணினி வாங்கிவிட்டது என்ற செய்தி வந்த அன்று தலைவர் மதியம் சாப்பிடவில்லை.

“நாம இன்னும் பேப்பர்லயே இருக்கோம் லா,” என்றார், வியாதியின் பெயரைச் சொல்வதுபோல.

“அவங்க என்ன வாங்கினாங்க?” என்று கேட்டார் பாக்கியலட்சுமி.

“சாதா லேப்டாப்.”

“அப்ப நாம பிசினஸ் லேப்டாப் வாங்கணும்.”

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால், தெரியாது என்பது தெரிந்துவிடும். கணினிக் கடை ஃபாரூக் தானாகவே விளக்கினார். “இது ராணுவத் தரம் சார். மூணடி உயரத்துலேர்ந்து விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது.” தலைவர் எங்கள் மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

கணினியை அமைத்துத் தர ஃபாரூக் நேரில் வந்தார். பெட்டியைப் பிரித்தார், மின்சாரம் கொடுத்தார், அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“அட்மினிஸ்ட்ரேட்டர் யாரு?”

“நான்தான் தலைவர்,” என்றார் இராமசாமி.

“சரி. மத்தவங்க எல்லாம் யூசர்.”

அஹமது கபீர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “இருபது வருஷம் இந்தச் சங்கத்துக்கு உழைச்சவன் யூசரா?”

“ஒரே ஆள் கையில சாவி இருந்தா நல்லா இருக்காது,” என்றார் பாக்கியலட்சுமி, தலைவரைப் பார்க்காமல்.

நாற்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு கணினியின் கடவுச்சொல்லைப் பங்கிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. தனி ஒருவர் திறக்க முடியாது. ஒவ்வொருவரும் தம் பங்கை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். தலைவருக்கு நான்கு பெரிய எழுத்துகள். செயலாளருக்கு நான்கு சிறிய எழுத்துகள், இதை அவர் ஆட்சேபணையுடன் ஏற்றுக்கொண்டதாகக் குறிப்பு எழுதப்பட்டது. பொருளாளருக்கு எண்கள்.

“பதினோரு வருஷமா இந்த வேலை செய்றேன் சார். இப்படி யாரும் செஞ்சதில்ல,” என்றார் ஃபாரூக்.

“அதனாலதான் நாம செய்றோம்,” என்றார் தலைவர்.

மூவரும் தட்டினார்கள். கணினி ஏற்கவில்லை. ஒரு குறியீடும் வேண்டுமாம், கேள்விக்குறி, நட்சத்திரம் மாதிரி ஏதாவது. அதுவரை மூலையில் இருந்த ஷங்கர் கை தூக்கினார். துணைத் தலைவராகி நான்கு வருடங்களில் அவருக்கு ஒரு பொறுப்பும் வாய்த்ததில்லை.

“குறியீட்டை நான் பார்த்துக்கறேன்,” என்றார். யோசிக்க ஒரு வாரம் கேட்டார். ஃபாரூக் ஐந்து நிமிடம் கொடுத்தார்.

ஒருவர் தட்டும்போது மற்றவர்கள் சுவரைப் பார்க்க வேண்டும் என்று செயலாளர் முன்மொழிந்தார். அந்த நேரத்தில் எழுத்தர் ஊழியர் என்பதால் அறைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று இன்னொருவர் முன்மொழிந்தார். அந்த இன்னொருவர் நான். கூட்டத்தில் நாமும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது அதுதான். நிறைவேறியது.

அன்று முதல் கணினியைத் திறப்பதே ஒரு கூட்டமாயிற்று. நால்வருக்கும் அழைப்பு, கறிபஃப், தேநீர், குறிப்பு. ‘கூட்டத்தின் நோக்கம்: கணினியைத் திறத்தல். முடிவு: திறக்கப்பட்டது.’ தலைவர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவார். ஷங்கர் தம் ஒற்றை விசையைத் தட்டுமுன் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொள்வார். அதன் பிறகு ஜரீனா உள்ளே அழைக்கப்படுவார். ஒரு மாத வேலையை அந்த ஒரே அமர்வில் அவர் முடித்தாக வேண்டும். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கணினி பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் அடுத்த கூட்டம்.

இதற்குள் நாங்கள் காகிதமற்ற சங்கம் என்று அறிவித்துக்கொண்டோம். அந்தத் தீர்மானத்தின் நகல் எல்லாக் கடைகளிலும் ஒட்டப்பட்டது. பழைய கோப்புகளை ஜரீனா கணினியில் ஏற்றியதும் தாள்களைத் தலைவரே இயந்திரத்தில் விட்டுக் கிழித்தார். படம் எடுத்துச் செய்தி மடலில் போட்டோம். படத்தில் ஷங்கரின் தோள் மட்டும் விழுந்திருந்தது.

அந்த வருடம் தீபாவளிச் சந்தைக்குப் பதினோரு மேசைகள் கேட்டு எங்கள் உறுப்பினர்களுக்காகச் சங்கம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி நேரம். பதினோரு பேரில் ஒருவர் ரக்ஷனா. மருதாணி போடுபவர். சொந்தக் கடை கிடையாது, ஒரு தையல் கடையின் மூலையை வாடகைக்கு எடுத்திருந்தார். சந்தையில் மூன்று வாரம் மேசை கிடைத்தால் அந்த மூலை இன்னும் ஒரு வருடம் அவருடையது. கிடைக்காவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை.

புதன்கிழமை மாடியேறி வந்தார்.

“சார், என் பேரு லிஸ்ட்ல இருக்கா?”

“இருக்கும்மா. லேப்டாப்ல பத்திரமா இருக்கு,” என்றார் செயலாளர்.

“ஒரு தடவை பார்க்கலாமா?”

“பார்க்கணும்னா கூட்டம் போடணும்.”

“ஏற்கெனவே அனுப்பியிருக்கலாமே சார்?”

“அனுப்பறதுக்குத்தான் வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டிருக்கோம்.”

வெள்ளிக்கிழமை ஷங்கர் வரவில்லை. தீவின் மேற்குக் கோடியில், பூன் லேயில், வீட்டில் இருந்தார். தலைவர் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

“குறியீடு என்கிட்ட இருக்கு,” என்றது ஷங்கரின் குரல். “மரியாதை எங்க இருக்கு? செய்தி மடல்ல என் தோளைப் போட்டிருக்கீங்க.”

“அதை அப்புறம் பேசலாம். குறியீட்டை இப்ப போன்லயே சொல்லிடுங்க.”

“போன்லயா? அப்ப சைபர் பாதுகாப்பு?”

விதியை எழுதியவர்களே நாங்கள்தான். ஆகவே தலைவர், செயலாளர், பொருளாளர், நான், பையைச் சுமக்க ஜரீனா, ஐந்து பேரும் ரயிலேறினோம். ராணுவத் தரக் கணினி தலைவரின் மடியில் பயணம் செய்தது.

பூன் லேயில் ஷங்கர் எங்களை உட்காரவைத்துக் குளிர்ந்த மைலோ கொடுத்தார். பிறகு, தோள் விஷயத்துக்குச் சங்கம் மன்னிப்புக் கேட்டதாகக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் காகிதமற்ற சங்கத்தின் குறிப்பைக் கணினியில்தான் எழுத வேண்டும். கணினி திறந்தால்தான் மன்னிப்பு. மன்னிப்பு எழுதினால்தான் கணினி திறக்கும். அரைமணி நேரம் இதை யோசித்தோம். கடைசியில், வாய்மொழியாகக் கேட்கும் மன்னிப்பை அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்துவது என்று முடிவாயிற்று. மணி நாலு இருபத்தைந்து.

ஜரீனா வழக்கப்படி வெளியே போய்த் தாழ்வாரத்தில் செருப்புகளின் பக்கத்தில் நின்றார். கதவைச் சாத்தியது நான்.

நால்வரும் தட்டினார்கள். ‘கடவுச்சொல் தவறு.’

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணினி கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும். போன வாரம்தான் மாற்றியிருந்தார்கள். யாரோ ஒருவர் பழைய பங்கையே தட்டுகிறார்.

“என்னோடது சரி,” என்றார் தலைவர்.

“எண்ணுல நான் தப்பு பண்ண மாட்டேன்,” என்றார் பாக்கியலட்சுமி.

“எனக்கு ஒரே ஒரு பட்டன். அதை எப்படித் தப்பா அமுக்க முடியும்?” என்றார் ஷங்கர்.

“அப்ப என்னைச் சொல்றீங்களா?” என்றார் அஹமது கபீர்.

தவறு யாருடையது என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொருவரும் தம் பங்கை வெளியே சொல்ல வேண்டும். சொன்னால் பாதுகாப்புப் போய்விடும். பாதுகாப்பைக் காப்பாற்றினோம். மீண்டும் சுவரைப் பார்த்தோம். ஐந்தாவது தவறில் கணினி நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டு, நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது.

தலைவர் ஃபாரூக்கை அழைத்தார்.

“அன்னைக்கே அந்த எண்ணைக் குடுத்துட்டேனே சார். எங்க வச்சீங்க?”

“பத்திரமா வச்சிருக்கோம்.”

“எங்க?”

“லேப்டாப்ல.”

“எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம் சார். ஆனா உள்ள இருந்தது போயிடும்,” என்றார் ஃபாரூக்.

ஐந்து மணி ஆனது. ஐந்தேகாலுக்குச் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் ஓர் அதிகாரி தலைவரின் அழைப்பை எடுத்தார்.

“சிஸ்டம் தானா மூடிடுச்சு சார். மேல்முறையீடு பண்ணலாம். விண்ணப்ப எண்ணைக் குறிப்பிடணும்.”

“அந்த எண் எப்ப கிடைக்கும்?”

“விண்ணப்பிச்சதும் கிடைக்கும்.”

“கையால எழுதிக் கொண்டாந்து தரட்டுமா?”

“நாங்க இப்ப பேப்பர்லெஸ் சார்.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் தலைவர் முகத்தில் தூரத்து உறவினரைக் கண்டதுபோல ஒரு கனிவு வந்தது. நன்றி சொல்லி வைத்தார்.

திங்கட்கிழமை ரக்ஷனா வந்தார்.

“கூட்டம் போட்டீங்களா சார்?”

“போட்டோம்மா. பூன் லே வரைக்கும் போய்ப் போட்டோம்,” என்றார் செயலாளர்.

ரக்ஷனா படியிறங்கிப் போனார். அந்த மாதக் கடைசியில் தையல் கடை மூலையில் சூட்கேஸ் பழுதுபார்க்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரக்ஷனா செம்பவாங்கில் யாரோ நடத்தும் அழகு நிலையத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

எங்கள் சங்கத்துக்கு அடுத்த வருடம் ஒரு கூட்டமைப்பிலிருந்து பாராட்டுச் சான்றிதழ் வந்தது. ஓர் ஆண்டு முழுவதும் ஒருமுறைகூட ஊடுருவப்படாத கணினியைப் பேணியதற்காக. அதற்குச் சட்டம் போட்டது நான். இராமசாமி இப்போது மற்றச் சங்கங்களுக்குப் போய்ப் பாதுகாப்பு குறித்துப் பேசுகிறார். நன்றாகப் பேசுகிறார் என்கிறார்கள்.

ஜரீனா வேலையை விட்ட அன்று, என்னிடம் மட்டும் சொன்னார்.

“அண்ணே, நாலு பேரோட பங்கும் எனக்குத் தெரியும். ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்து, ‘மறந்துட்டா ஞாபகப்படுத்தும்மா, மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம்’னு சொல்லிட்டுப் போனாங்க. தேநீர் வாங்கற நோட்டுல பின்பக்கம், கடைசியா மாத்தினது வரைக்கும் எழுதி வச்சிருந்தேன். அன்னைக்கும் நோட்டு கையிலதான் இருந்துச்சு.”

இதைத்தான் மூன்று வருடமாக நான் நம்பவில்லை. அவர் பொய் சொல்பவர் என்பதால் அல்ல. இது உண்மையானால், ரக்ஷனாவின் மேசைக்கும் அந்த நோட்டுக்கும் இடையில் இருந்தது ஒரு கதவு. அந்தக் கதவுக்குக் காரணம், பேச எதுவும் இல்லாத ஒரு மனிதன் கூட்டத்தில் பேசிய ஒரே வாக்கியம். அவர் சொன்னது பொய் என்று வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம் காத்தோங்கில் அவர் வேலை பார்க்கும் பல் மருத்துவரின் முன்னறையில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பல்வலி இல்லை. கூட்டம் குறைந்ததும் கேட்டேன்.

“ஏம்மா, அன்னைக்கு ஏன் கதவைத் தட்டல?”

“நீங்க யாரும் என்கிட்ட கேட்கலையே அண்ணே,” என்றார். பதிவேட்டை மூடினார். “நானும் தட்டலாம்னுதான் நெனைச்சேன். கையைத் தூக்கிட்டேன். அப்புறம் யோசிச்சேன்.”

என்ன யோசித்தார் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் சங்கத்தை அவருக்கு எட்டு வருடமாகத் தெரியும். எனக்கு அதைவிட அதிக காலமாகத் தெரியும். அதனால் மூன்று வருடமாகக் கேட்காத கேள்வியைக் கடைசியில் கேட்டேன்.

“நீ உள்ள வந்து நாலும் எனக்குத் தெரியும்னு சொல்லியிருந்தா, நாங்க முதல்ல அந்த விண்ணப்பத்தை அனுப்பியிருப்போமா, இல்ல உன்னை வேலையை விட்டுத் தூக்கறதுக்கு அங்கேயே ஒரு கூட்டம் போட்டிருப்போமா?”