ஊறுகாயக்காவின் லேபிள்

புரட்டாசிச் சனிக்கிழமையில் மீன் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து, விரதம் இருக்கிற மனிதரின் மூக்குக்கு நேராக நீட்டுகிற தைரியம் இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எங்கள் ஊறுகாயக்கா.

திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் ஓடுகிறது. தீபாவளி சீசனில் பெற்ற பிள்ளையே ஆர்டரோடு வந்தாலும் "அப்புறம் வாலே" என்போம். அந்த நேரம் பார்த்துத்தான், வைப்பாறு கடலில் கலக்கும் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார் அக்கா. பாதி வழியில் நாற்றம் தாங்காமல் கண்டக்டர் இறங்கச் சொன்னாராம். அக்கா அந்தக் கண்டக்டர் வாயிலும் ஒரு துண்டு மீன் ஊறுகாயைத் திணித்துவிட்டுத்தான் வந்தாராம்.

"வியாபாரி சொல்றதுதான் மீனுக்கு வெலை, அண்ணாச்சி. குடுக்கலேன்னா நாறிரும். அதான் பொம்பளைகளாச் சேந்து ஊறுகா போட்டுட்டோம். லேபிள் இல்லாம மதுரக் கடையில வாங்க மாட்டாகளாம். திங்கக்கிழமை சரக்கு போவணும். மொதல்ல தின்னு பாருங்க!"

"புரட்டாசிக்கா! பாட்டில மூடுங்க!" நாமம் போட்ட முதலாளி அலறினார்.

"லேபிள் அடிக்கேன்னு சொல்லுங்க, மூடுதேன்."

வேறு வழி? சரவெடி லேபிள் ஓடும் தாளின் ஓரத்தில் மிச்சம் கிடந்த இடத்தில் ஊறுகாய் லேபிளையும் முதலாளியே சொருகினார். அவசரத்தில் சரவெடியின் வரி ஒன்றும் அதில் வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லாம் அடித்து, வெட்டி, கட்டிய பிறகு அக்கா உரக்க வாசித்தார்: "சுத்தமான மீன் ஊறுகாய். பற்ற வைத்தவுடன் தள்ளி நிற்கவும்."

மறுபடி அடிக்க நேரம் இல்லை.

"கடையில திருப்பி அனுப்பிட்டா அம்புட்டுப் பேரு பாடும் போச்சே, அண்ணாச்சி!" அக்கா ஊறுகாய் பாட்டிலைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஆனா பொய்யி ஒண்ணும் எழுதல, வாயி பத்திக்கிட்டுத்தான் எரியுது. குடுங்க, வாரது வரட்டும்."

தீபாவளி கழிந்து அக்கா திரும்பி வந்தபோது, முதலாளி பயந்துகொண்டே திருத்திய லேபிளை நீட்டினார்.

"அந்த வரி எங்க? அதப் பாத்துச் சிரிச்சுத்தான் சனம் வாங்குது!" என்று கத்தியவர், பிறகு மெதுவாகச் சொன்னார். "நேத்து வியாபாரி வந்து பழைய வெலைக்கே கேட்டான், அண்ணாச்சி. பொம்பளைக அத்தனை பேரும் ஒரே குரல்ல சொன்னோம், 'தள்ளி நில்லும்வே!'ன்னு."

விரதம் முடிந்திருந்த முதலாளி அன்றைக்கு ஊறுகாயை வழித்து வழித்துத் தின்றுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரமாம். நாங்கள் நம்பவில்லை.

இப்போதும் பஸ்ஸில் மீன் வாடை அடித்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். நான் மட்டும் நம்ம அக்கா இருக்கிறாரா என்று எழுந்து நின்று தேடுவேன்.