நான்காவது மூலை

வடகரை மிஸ்ரியா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாப்பா அவளுக்கு எழுதிவைத்த மனை, ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் சுடலையாண்டியின் தென்னந்தோப்புக்கும் நடுவே சுத்தமான முக்கோணமாகக் கிடந்தது. கணவன் பரீது சவூதியின் தம்மாமிலிருந்து நாற்பது நாள் லீவில் வருகிறான். அதற்குள் வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டியாக வேண்டும். பட்டாவுக்கு விண்ணப்பித்தாள்.

தென்காசி தாலுகா அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் எழுத்தர் விஜயசங்கர். குற்றாலத்து ரிசார்ட்டில் நடந்த 'தர்க்கமாகச் சிந்திப்போம்' பயிலரங்கில் மூன்று நாள் தங்கி, அருவியில் ஐந்து முறை குளித்து, சான்றிதழ் பெற்றவர்.

"நாலாவது பக்கம் எத்தனை மீட்டர்?"

"மூணு பக்கந்தான் சார். முக்கோணம்."

"கம்ப்யூட்டர் நாலு கேக்குதே."

"பூச்சியம்னு போடுங்க."

"எடுக்காதும்மா. எல்லா நிலத்துக்கும் நாலு பக்கம். இது முதல் கூற்று. உங்களுக்கு மூணு. இது ரெண்டாவது கூற்று. முடிவு என்ன?"

"உங்க முதல் கூற்று தப்பு."

"அது சர்க்கார் கூற்று, தப்பாகாது. முடிவு, உங்களுக்கு நிலமே இல்ல."

"அப்ப அங்கன கிடக்கது என்ன சார்?"

"அதுக்கு வேற செக்‌ஷன்."

மனு மேலே போய்க் கீழே வந்தது. சர்வேயர் அகிலாண்டேஸ்வரி சாரலில் நனைந்துகொண்டே டேப்போடு மூன்று சுற்று வந்தார். எந்த மூலையிலிருந்து எண்ணினாலும் மூன்றுதான். 'நான்காவது மூலை தலைமறைவாக உள்ளது. உரிமையுள்ளோர் பதினைந்து தினங்களுக்குள் ஆஜராகவும்' என்று அறிவிப்பு ஒட்டினார்.

பதினான்காம் நாள் சுடலையாண்டி ஆஜரானார்.

"அந்த மூலை எங்க பாட்டன் காலத்துலேருந்து எங்க அனுபவத்துல இருக்கு."

"எங்கன இருக்குன்னு காட்டுங்க" என்றார் அகிலாண்டேஸ்வரி.

"எப்படிக் காட்ட? ஆக்கிரமிச்சிட்டாங்கல்லா!"

விஜயசங்கர் கோப்பில் எழுதினார்: 'இல்லாத பொருளுக்கு எவரும் உரிமை கோரார். மேற்படியார் கோருகிறார். ஆகவே மேற்படி மூலை உண்டு.'

மிஸ்ரியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூலையைச் சுடலையாண்டிக்கே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். மறுநாளே பட்டா வந்தது. பரீதும் வந்தான். வானம் தோண்டியாயிற்று.

சுடலையாண்டியின் தம்பி குத்தாலிங்கம் மூலையில் பாதி கேட்டார்.

"அது வெறும் புள்ளி அண்ணாச்சி. புள்ளிக்கு நீளமும் இல்ல, அகலமும் இல்ல. பாதியாக்க முடியாது" என்றாள் மிஸ்ரியா.

"கேட்டியாலே? டீச்சரே சொல்லிட்டா, பிரிக்க முடியாதாம்!" என்றார் சுடலையாண்டி.

கைகலப்பானது. தெரு இரண்டு பக்கமாகப் பிரிந்தது. மூலைக்குக் காவலாக வந்த இரண்டு போலீஸ்காரர்களும், எங்கே நிற்பதென்று தெரியாமல் டீக்கடையில் நின்றார்கள்.

"போலீஸ் காவல் போடுத மூலையையா சும்மா தூக்கிக் கொடுத்த?" என்றான் பரீது.

"அது இல்லாத மூலை மச்சான்."

"இல்லாததுக்கா ஊரே அடிச்சிக்கிடுது?"

மிஸ்ரியா யோசித்தாள். பரீதின் கூற்றிலும் முடிவிலும் அவளுக்கு ஒரு பிழையும் தென்படவில்லை.

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் முதல் மனு அவளுடையது. 'என் தகப்பனார் வழிச் சொத்தான நான்காவது மூலையை மீட்டுத் தருக.' பரப்பளவு என்ற கட்டத்தில் கணக்கு டீச்சர் தன் கையாலேயே எழுதியிருந்தாள்: 'ஏறக்குறைய அரை சென்ட்.'